இழை: ஜாக்கிக்கு மட்டுமல்ல, ஸ்டாண்டுக்கும் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளி | செவ்வாய், காலை 9.10

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு கையேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே தூக்கி நிறுத்தி ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது பற்றிய 24 பக்கங்கள். மற்றதெல்லாம் ஆயிற்று. மூன்று சொற்களில் வண்டி நின்றுவிட்டது.

ஒன்று, காரைத் தூக்கும் கருவி. எல்லோருக்கும் அது ஜாக்கி. இரண்டு, தூக்கிய காரை உட்கார வைக்கும் இரும்புக் கால். பேச்சில் ஸ்டாண்டு. மூன்று, சக்கரம் உருளாதபடி அதன் அடியில் செருகும் ஆப்பு மாதிரியான கட்டை.

முதல் வரைவில் இவற்றுக்குத் தூக்கி, தாங்கி, முட்டுக்கட்டை என்று போட்டிருந்தேன். இன்று காலையில் படித்துப் பார்த்தால் ஒரு வாக்கியம் இப்படி நிற்கிறது: "காரைத் தூக்கி உயர்த்தித் தாங்கி வைக்கவும்." எழுதிய எனக்கே எது கருவி, எது வினை என்று தெரியவில்லை. வேறு புத்தகமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இதில் குழம்புகிறவர் ஒரு டன் இரும்புக்குக் கீழே படுத்திருப்பார்.

---

ஒற்றுப்பிழை | செவ்வாய், காலை 9.48

அக்கா, நன்னூலைப் புரட்டவே வேண்டாம், உங்கள் வாக்கியமே சூத்திரம். தூக்கி, தாங்கி, ஏந்தி எல்லாம் வினையெச்சமாகவும் வரும், இகர விகுதி பெற்ற பெயராகவும் வரும். மின்தூக்கியும் ஒலிபெருக்கியும் பிழைத்துக்கொண்டதற்குக் காரணம், முன்னால் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதுதான். தனியே விட்டால் 'தூக்கி' அடுத்த வினையைத் தேடி ஓடிவிடும்.

தவிர, 'தாங்கி' ஏற்கெனவே பேரிங்குக்குப் போய்விட்டது. சக்கரத்துக்கு உள்ளேயும் தாங்கி, காருக்கு அடியிலும் தாங்கி என்றால் எதைக் கழற்றச் சொல்கிறீர்கள்?

---

வேர்ச்சொல் | செவ்வாய், காலை 11.30

முதலில் 'ஜாக்கி'யை ஒழிப்போம். "வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ" என்று தொல்காப்பியர் வழி காட்டியிருக்கிறார். வடசொல்லுக்குச் சொன்னது மேலைச்சொல்லுக்கும் பொருந்தும். ஆகவே 'சாக்கி' என்று எழுதுங்கள். இன்னொன்றும் தோன்றுகிறது. "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்கிறது குறள். சாகாடு வண்டி. வண்டியைத் தூக்குவது சாகாட்டி, சாக்கட்டி, சாக்கி. நம் சொல்தான் ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பியிருக்கிறதோ?

---

பழைய வாத்தியார் | செவ்வாய், பகல் 12.05

ஊர் சுற்றியது சொல் அல்ல, நீங்கள்தான். ஜாக் என்பது ஜான் என்ற பெயரின் செல்ல வடிவம். ஆங்கிலத்தில் எடுபிடிப் பையன் எவனையும் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு அவன் வேலையைச் செய்த கருவிகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் குப்பன், சுப்பன் மாதிரி. அந்தக் கணக்கில் மொழிபெயர்த்தால் "குப்பனைக் காருக்கு அடியில் தள்ளவும்" என்று வரும்.

'சாக்கி'க்கும் பழைய பொருள் ஒன்று இருக்கிறது, சாட்சி. கார் விழும்போது பக்கத்தில் ஒரு சாக்கி இருந்தது என்று வேண்டுமானால் எழுதலாம்.

---

க்ரீஸ் கை | செவ்வாய், மாலை 6.40

வேலை முடிந்து வந்து பார்த்தால் இத்தனை மடல்! ஜாக்கியை விடுங்கள். அந்தச் சொல் யாருக்கும் தெரியாமல் இல்லை. உயிர் போவது ஸ்டாண்டு இல்லாததால்.

ஜாக்கி தூக்கும், ஆனால் பிடித்து வைத்திருக்காது. ஹைட்ராலிக் ஜாக்கியில் சீல் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து கார் மெல்ல மெல்ல இறங்கும். சில நேரம் மெல்லவும் இறங்காது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். சிமென்ட் ஹாலோ பிளாக்கை அடுக்கி அதன்மேல் நிறுத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது விரிசல் விடும்போது நோட்டீஸ் கொடுக்காது.

ஸ்போர்ட்ஸ் காரில் கூடுதல் தொல்லை. தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே 10 முதல் 13 சென்டிமீட்டர்தான். சக்கரம் வைத்த சாதாரண டிராலி ஜாக்கியின் தலையே உள்ளே போகாது. ஒன்று, 8 சென்டிமீட்டர் அளவுக்குத் தாழும் ஜாக்கி வேண்டும். இல்லாவிட்டால் முதலில் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம், கார் இரும்புதானே என்று எங்கே வேண்டுமானாலும் தலையைக் கொடுக்க முடியாது. பக்கவாட்டு அடிவிளிம்பில் இரண்டு தகட்டைச் சேர்த்துப் பற்றவைத்த மடிப்பு ஒன்று ஓடும். தட்டையான தலையை அதில் கொடுத்தால் மடிப்பு நசுங்கும். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் வில்லை வைத்துத்தான் தூக்குவோம். கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் சட்டத்திலேயே துளை விட்டிருப்பார்கள், வில்லையை அதில் மாட்ட வேண்டும்.

ஆகவே அக்கா, ஜாக்கியை ஜாக்கியாகவே விடுங்கள். ஸ்டாண்டுக்கு மட்டும் வாசிக்கிறவன் மண்டையில் உறைக்கிற மாதிரி ஒரு சொல் கொடுங்கள்.

---

பழைய வாத்தியார் | செவ்வாய், இரவு 8.15

கேட்டீர்களே, சொல் தயாராக இருக்கிறது. மதலை.

"முதலிலார்க்கு ஊதியம் இல்லை மதலையாஞ்
சார்பிலார்க்கு இல்லை நிலை."

மதலை என்றால் தாங்கி நிற்கும் தூண். அது இல்லாதவருக்கு நிலை இல்லை. நாலடியாரில் கறையான் அரித்த ஆலமரத்தை அதன் விழுது மதலையாக நின்று தாங்குகிறது. தாங்கி மாதிரி வினையெச்சக் குழப்பம் கிடையாது. மூன்றே எழுத்து, படத்தின் அம்புக்குறிக்குப் பக்கத்தில் அழகாக அடங்கும்.

---

ஒற்றுப்பிழை | செவ்வாய், இரவு 8.31

ஐயா, மதலை என்றால் குழந்தை என்றும் பொருள். இன்றைக்கு அந்தச் சொல்லைத் தெரிந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது மட்டும்தான் பொருள். "காருக்கு அடியில் நான்கு மதலைகளை வைத்து ஜாக்கியை மெதுவாக இறக்கவும்." இதை அச்சில் ஏற்றச் சொல்கிறீர்களா?

---

மொழிபெயர்ப்பாளி | புதன், காலை 7.20

நேற்று இரவு ஒரு சோதனை செய்தேன். என் தம்பியிடம் மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. வரைவின் 3-ஆம் பக்கத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றேன்.

"முட்டுக்கட்டைகளை வைத்தபின் காரின் பின்பகுதியை உயர்த்தவும்" என்று எழுதியிருந்தேன். அவன் இரண்டு மரக்கட்டைகளை எடுத்து வந்து அடிவிளிம்புக்குக் கீழே, ஒரு பக்கத்துக்கு ஒன்றாக வைத்தான். பிறகு பின்னால் போய், இரு பின்சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலுக்கு ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கினான். முன்சக்கரங்களுக்கு எதுவும் இல்லை. பின்சக்கரங்கள் தரையை விட்டதும் கார் நான்கு விரல் அளவு முன்னால் நகர்ந்தது. சக்கரம் வைத்த ஜாக்கியும் கூடவே உருண்டது. தரை சமமாகத்தான் இருக்கிறது என்று இருவருமே நினைத்திருந்தோம். அவன் கைப்பிடியைத் திருகி உடனே இறக்கிவிட்டான். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தது, கியரும் போட்டிருந்தது.

"ஏன்டா கட்டையை அங்கே வைத்தாய்?" என்று கேட்டேன். "முட்டுக் கொடுக்கிறதுன்னா அடியிலதானே கொடுப்பாங்க" என்றான். அவன்மேல் தப்பே இல்லை.

---

க்ரீஸ் கை | புதன், காலை 7.52

நல்ல வேளை அக்கா. ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். கியர், இயக்கும் சக்கரத்தைப் பிடிக்கும். எம்எக்ஸ்-5 பின்சக்கர இயக்கம். பின்பக்கத்தைத் தூக்கினால் இரண்டு பிடியும் ஒன்றாகப் போய்விடும். அப்புறம் காரை நிறுத்தி வைக்க முன்சக்கரத்துக் கட்டை ஒன்றுதான். இந்தக் காரணத்தையும் கையேட்டில் எழுதுங்கள், வெறும் கட்டளையாகப் போட்டால் தாண்டிப் போய்விடுவார்கள்.

---

வேர்ச்சொல் | புதன், காலை 10.10

முட்டுக்கட்டை பழுதில்லாத சொல். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து ஓட்டத்தை அடக்குவதும் திசை திருப்புவதும் முட்டுக்கட்டைதான். தம்பிக்குத் தெரியவில்லை என்பதற்காகச் சொல்லைக் கைவிடுவதா? முள் என்ற வேரிலிருந்து முட்டு, முட்டிலிருந்து முடக்கு, முடம், முடிச்சு...

---

ஒற்றுப்பிழை | புதன், காலை 10.25

வேரை மாலைக்கு மேல் தோண்டுவோம். இப்போது சிக்கல் வேறு. 'முட்டு' என்பதில் இரண்டு பொருள் இருக்கிறது. கீழிருந்து தாங்குவதும் முட்டு, குறுக்கே நின்று தடுப்பதும் முட்டு. நமக்கு வேண்டியது ஒன்று தாங்க, ஒன்று தடுக்க. இரண்டையும் ஒரே பக்கத்தில் பேசும் கையேட்டில் அந்தச் சொல்லை எதற்குமே வைக்கக்கூடாது என்பது என் கட்சி. முட்டுக்கால் என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அது முழங்கால் ஒன்றோடொன்று இடிக்கும் கால்.

---

பழைய வாத்தியார் | புதன், மாலை 4.00

மதலை வேண்டாம் என்றால், புறநானூறு 102-க்கு வாருங்கள். உப்பு வணிகர் வண்டியில் பாரம் மிகுதி. பள்ளத்தில் இறங்குமோ, மேட்டில் ஏறுமோ, யார் கண்டது? அதனால் கீழ்மரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிவைக்கிறார்கள். அதை ஔவையார் 'சேம அச்சு' என்கிறார். ஒன்று முறிந்தால் இன்னொன்று என்ற அறிவு அது. ஜாக்கி கைவிட்டாலும் காப்பாற்றும் கால், ஆகவே 'சேமக்கால்'.

---

க்ரீஸ் கை | புதன், மாலை 6.55

வாத்தியார் ஐயா, இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பொருள் ஒரு படி தள்ளிப்போகிறது. சேமம் என்றால் உபரி, தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடும். ஸ்டாண்டு உபரி கிடையாது. முழு எடையும் அதன்மேல்தான். உபரி என்று நாங்கள் வைப்பது வேறு. கழற்றிய சக்கரத்தை அடிவிளிம்புக்குக் கீழே படுக்கப்போட்டு வைப்போம். ஸ்டாண்டே சரிந்தாலும் ஓர் ஆள் நசுங்காத இடைவெளி மிஞ்சும். சேமம் என்ற பெயர் அதற்குத்தான் பொருத்தம்.

ஸ்டாண்டும் கைவிடும் என்பதை மறக்க வேண்டாம். 2020-இல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். உயரத்தைப் பூட்டும் பல்லில் நாக்கு சரியாகப் பதியாமல், பாரம் அசைந்தால் கழன்று இறங்கும் அபாயம் இருந்தது. அதனால் நாக்கு பதிந்ததா என்று கண்ணால் பார்க்க வேண்டும். குறுக்கு ஆணி இருந்தால் அதையும் செருக வேண்டும். பிறகு அடியில் போகுமுன் காரைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்க வேண்டும். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும்.

---

வேர்ச்சொல் | புதன், இரவு 9.20

நாக்கு! பாருங்கள், பட்டறையில் எவ்வளவு நல்ல தமிழ் இருக்கிறது. ஹைட்ராலிக்குக்கு என்ன போட்டீர்கள்? நீரியல் என்றால் ஏற்க மாட்டேன், உள்ளே இருப்பது எண்ணெய்.

---

ஒற்றுப்பிழை | புதன், இரவு 9.34

கிரேக்கத்திலும் அது தண்ணீர்தான் ஐயா. அவர்களிடம் போய்ச் சண்டை போடுங்கள். நீர்மம் என்றால் எண்ணெயும் அடங்கும், ஆனால் தனி இழை தொடங்கிப் பேசுவோம். அக்காவுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.

என் முன்மொழிவு: ஜாக்கி, ஜாக்கியே. ஸ்டாண்டு, ஊன்றுகால். சக்கரக் கட்டைக்கு அடைகட்டை.

---

க்ரீஸ் கை | வியாழன், காலை 7.15

ஊன்றுகால் சரி. தரையில் ஊன்றி நிற்கும் கால் என்று படம் கண்ணில் விழுகிறது. அடைகட்டை வேண்டாம், எதை அடைக்க என்று கேட்பான். சக்கரக்கட்டை போதும். எங்கே வைப்பது என்பது பெயரிலேயே இருக்கிறது. நேற்றைய தம்பி இதைப் படித்திருந்தால் நேராகச் சக்கரத்துக்குப் போயிருப்பார்.

---

பழைய வாத்தியார் | வியாழன், காலை 8.40

பெரும்பான்மை அதுவென்றால் நான் குறுக்கே கட்டை போடவில்லை. ஆனால் என் மாற்றுக் கருத்தைப் பதிந்துகொள்ளுங்கள். ஊன்றுகால் பொருளைச் சொல்கிறது, மதலை அதோடு எச்சரிக்கையையும் சொல்கிறது.

---

வேர்ச்சொல் | வியாழன், காலை 9.05

'சாக்கி' என்று எழுதாதவரை எனக்கும் மாற்றுக் கருத்துதான்.

---

மொழிபெயர்ப்பாளி | வெள்ளி, மாலை 5.50

அனைவருக்கும் நன்றி. ஜாக்கி, ஊன்றுகால், சக்கரக்கட்டை என்று முடித்து மதியம் அனுப்பினேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் "ஸ்டாண்டு எனப்படும் ஊன்றுகால்" என்று போட்டேன். 3-ஆம் பக்கத்தைத் தம்பி மறுபடி செய்து பார்த்தான். சக்கரக்கட்டை முன்சக்கரத்துக்குப் போனது, ஊன்றுகால் அடிவிளிம்புக்குப் போனது. யாரும் சொல்லாமலே காரை ஒரு தள்ளு தள்ளியும் பார்த்தான்.

இப்போது பிழைதிருத்துபவரிடமிருந்து பிரதி திரும்பி வந்திருக்கிறது. ஊன்றுகால் எல்லாவற்றையும் 'ஊன்றுகோல்' என்று திருத்தியிருக்கிறார். 31 இடங்கள்.

---

பழைய வாத்தியார் | வெள்ளி, மாலை 6.02

மதலை என்று இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டார்.

---

க்ரீஸ் கை | வெள்ளி, மாலை 6.10

தொட்டிருப்பார் ஐயா. மழலை என்று.