கொலம்பியா மாணவர் வானொலியின் 2024 ஏப்ரல் நேரலை: இதழியலா, போராட்டத்தின் நீட்சியா?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். நான் இதழியல் இரண்டாம் ஆண்டு மாணவி. காசா போரை எதிர்த்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடந்த போராட்டங்களை மாணவர் ஊடகங்கள் எவ்வாறு பதிவுசெய்தன என்பது பற்றிப் பருவக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2024 ஏப்ரல் 30 இரவு நியூயார்க் காவல்துறை கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தபோது, அங்குள்ள டபிள்யூ.கே.சி.ஆர். என்ற மாணவர் வானொலியைக் கேட்க உலகெங்கிலுமிருந்து வந்தவர்களின் நெரிசலில் அதன் இணையதளமே முடங்கிப்போனது. ஜாஸ் இசைக்குப் பெயர்பெற்ற ஒரு நிலையம், பெரிய தொலைக்காட்சிகளை விட்டுவிட்டு மக்கள் தேடிவரும் இடமாக ஒரே இரவில் எப்படி மாறியது? போராட்டத்துக்காக வளாகத்தில் அமைத்த கூடாரங்களில் இருந்தவர்கள் அந்த வானொலி நிருபர்களுடன் படித்த மாணவர்கள்தாம் என்பதால் அதை இதழியலாகக் கருதக் கூடாது என்கிறார் எங்கள் பேராசிரியர் ஒருவர். இரண்டு கேள்விகளுக்கும் விளக்கம் தேடுகிறேன்.

பழைய ஒலிவாங்கி:
முதல் கேள்விக்குப் பதில் எளிது: அவர்கள் உள்ளே இருந்தார்கள், மற்றவர்கள் வெளியே இருந்தார்கள். ஏப்ரல் 29 நள்ளிரவு கடந்து 30 பிறந்ததும் போராட்டக்காரர்கள் வளாகத்திலுள்ள ஹாமில்டன் ஹால் என்ற கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். அதன்பிறகு வளாகத்துக்குள் வெளியாரை விடவில்லை. வாசல்களில் நின்ற செய்தியாளர்களுக்குத் தெரிந்தது காவல் வண்டிகளின் விளக்கு வெளிச்சம் மட்டுமே. உள்ளேயே படித்த மாணவர்களோ வெவ்வேறு மூலைகளில் நின்று, கைப்பேசி வழியாகக் கலையகத்தை அழைத்து, கண்ணில் பட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஜாஸ் நிலையம் என்று நீங்கள் வியப்பதைத்தான் நான் முக்கியக் காரணமாகக் கருதுகிறேன். 1941இல் தொடங்கிய அந்த நிலையம், ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதியில் ஜாஸ் கலைஞர்களான லெஸ்டர் யங், சார்லி பார்க்கர் பிறந்தநாள்களுக்கும், ஜூலை 4 அன்று லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கும் நாள் முழுவதும் இடைவிடாமல் ஒலிபரப்பும் வழக்கம் உடையது. முறைவைத்து மாறி மாறி அமர்வது, முன்னவர் விட்ட இடத்திலிருந்து பின்னவர் தொடர்வது, பேச எதுவும் இல்லாத நிமிடங்களில் பதறாமல் இருப்பது ஆகிய பழக்கங்களெல்லாம் நெருக்கடி இரவில் கைகொடுக்கும். நான் வானொலியில் இருந்த காலத்தில், புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது செய்தியில் அல்ல, இந்த மௌன நிமிடங்களில்தான்.

நொச்சி:
வைகைக்கரை அவர்களே, உங்கள் பேராசிரியரின் ஐயம் புதியதன்று. 1968 ஏப்ரலில் இதே ஹாமில்டன் ஹால் கைப்பற்றப்பட்டபோதும் இதே வானொலி நேரலை செய்தது. வியட்நாம் போருக்கு ஆய்வு செய்த நிறுவனத்துடன் பல்கலைக்கழகம் வைத்திருந்த தொடர்பும், பக்கத்திலுள்ள ஹார்லெம் பகுதி மக்கள் பயன்படுத்திய மார்னிங்சைட் பூங்காவில் உடற்பயிற்சிக்கூடம் கட்டும் திட்டமும் அன்றைய காரணங்கள். காவல்துறை வளாகத்தைக் காலிசெய்தது அந்த ஆண்டும் ஏப்ரல் 30 அன்றுதான். கைதானவர்கள் ஏறத்தாழ 700 பேர்.

நடுநிலையைச் சோதிக்க நான் ஒரு சின்ன இடத்தைப் பார்ப்பேன்: நிருபர் அந்தக் கட்டடத்தை என்ன பெயரால் அழைக்கிறார்? 1985இல் தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராகப் போராடியவர்கள் அதை மண்டேலா ஹால் என்றார்கள். 2024இல், அவ்வாண்டு ஜனவரியில் காசாவில் காருக்குள் சிக்கிக் கொல்லப்பட்ட சிறுமி ஹிந்த் ரஜபின் பெயரால் ஹிந்த் ஹால் என்று பதாகை கட்டினார்கள். புதிய பெயரை மட்டும் சொன்னால் நிருபர் போராட்டக்காரரின் குரலில் பேசுகிறார். அதைச் சொல்லவே மறுத்தால், அந்தப் பெயர் ஏன் அங்கே வந்தது என்ற செய்தியையே மறைக்கிறார். "ஹாமில்டன் ஹால், போராட்டக்காரர்கள் ஹிந்த் ஹால் என்று அழைப்பது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்கு ஒரு மூச்சு கூடுதலாகும், அவ்வளவுதான். தோழமை இருப்பது குற்றமன்று; அது சொல்லை எங்கே வளைக்கிறது என்று நேயருக்குத் தெரியாமல் போவதுதான் குற்றம்.

கடைசிப் பெஞ்சு:
மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் புகழ்ச்சி சற்று மிகுந்துவிட்டது. உள்ளே இருந்தார்கள் என்பது பாதி உண்மை. காவலர்கள் கட்டடத்தை நெருங்கியபோது மாணவ நிருபர்களையும் கைது எச்சரிக்கையுடன் அங்கிருந்து அகற்றினார்கள். அந்த இரவில் ஹாமில்டன் ஹாலுக்குள் ஒரு காவலரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது, எவருக்கும் காயமில்லை. இந்தச் செய்தி மே 2ஆம் தேதிதான் வெளியே தெரிந்தது. எந்த வானொலியாலும் அதைச் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் சாட்சி சொல்லக்கூடியவர்கள் அனைவரும் அப்புறப்படுத்தப்பட்டிருந்தார்கள். உங்கள் கட்டுரையில் இந்த இரண்டு நாள் இடைவெளிக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இதழியலுக்கான புலிட்சர் விருதுக் குழு கொலம்பியா மாணவ நிருபர்களுடைய நேரடிச் செய்தியளிப்பைப் பாராட்டி அறிக்கை வெளியிட்டதும் அதே மே 2 அன்றுதான். கைதாகும் ஆபத்துக்கு நடுவே பணியாற்றினார்கள் என்று அதில் குறிப்பிட்டிருந்தது. அதே வாரத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவர் நாளிதழான டெய்லி புருயினைச் சேர்ந்த நான்கு நிருபர்கள் வளாகத்திலேயே தாக்கப்பட்டார்கள். கையில் ஒளிப்படக் கருவியோ குறிப்பேடோ இருப்பதால் மாணவருக்குப் பாதுகாப்பு வந்துவிடாது.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. கட்டடப் பெயர் பற்றிய குறிப்பை நான் யோசித்ததே இல்லை. ஒரு துணைக்கேள்வி: எங்கள் கல்லூரியிலும் சமுதாய வானொலி இருக்கிறது. இதுபோல் ஒரு நிகழ்ச்சி செய்யலாமா என்று கேட்டதற்கு, அனுமதியில்லை என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள்.

பழைய ஒலிவாங்கி:
அதற்குக் காரணம் இருக்கிறது, அம்மா. கல்வி நிறுவனங்களுக்கு அலைவரிசை கொடுக்கத் தொடங்கியபோது, 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக வந்தது. 2006இல் வெளியான வழிகாட்டுநெறிகள் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டன. ஆனால் செய்தியையும் நடப்பு விவகாரங்களையும் சமுதாய வானொலிகள் ஒலிபரப்பக் கூடாது என்றும் அவையே வரையறுத்தன. எனவே உங்கள் நிலையத்தார் அச்சத்தால் மட்டும் மறுக்கவில்லை. உரிமம் போய்விடக்கூடும் என்பதாலும் மறுத்திருக்கலாம். கொலம்பியா மாணவர்களுக்கு அந்தத் தடை இல்லை. இரண்டு வானொலிகளையும் ஒப்பிடும்போது மாணவர்களின் துணிச்சலை மட்டும் அளக்காமல், இந்தச் சட்ட வேறுபாட்டைக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். உங்கள் பேராசிரியருடன் வாதிடவும் அங்கிருந்து தொடங்குவதே நல்லது.