ரீடெய்னருக்குப் ‘பல்லிருத்தி’: என் தரப்பு

மதுரை ஐயாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம். பல்லில் கட்டிய கம்பியை எடுத்தபின், பல் பழைய இடத்துக்கு நகராதிருக்க மாட்டுவது ரீடெய்னர். அதற்குப் ‘பல்லிருத்தி’ என்று நான் சொன்னதற்கு ஐயா கேட்டது:

> ரீடெய்னரைத் ‘தக்கவைப்பி’ என்றால் போதுமே, நாளிதழ்களில் பழகிய சொல்தானே?

பழகியதுதான் தொல்லை, ஐயா. தக்கவைத்தல் என்றாலே மும்பையில் எல்லாருக்கும் ஐபிஎல் ஏலம்தான் நினைவுக்கு வரும்.

சொல் எனக்கு ஏன் அவசரம் என்றும் கேட்டிருந்தீர்கள். சயானில் ஒரு பல் மருத்துவமனைக்குத் தமிழில் அறிவுரைத் தாள் எழுதித் தருகிறேன். அங்கு வருபவர்களில் தாராவித் தமிழர்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பல்லில் ஒட்டுவதும் ‘கிளிப்’, அதை எடுத்தபின் மாட்டுவதும் ‘கிளிப்’. இந்தியில் கம்பியைத் ‘தார்’ என்பார்கள். ஊரிலிருந்து வந்த பாட்டி ஒருவர், “பிள்ளை பல்லுக்குத் தாரா போடுகிறார்கள்?” என்று பதறியதைக் கேட்டிருக்கிறேன்.

சிரிப்போடு போனால் பரவாயில்லை. ‘கிளிப்பில் வெந்நீர் படக்கூடாது’ என்று பழைய தாளில் இருந்தது. கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தகடு சூட்டில் வளைந்துவிடும் என்பதற்காகச் சொன்னது அது. அதைப் படித்த ஒரு தந்தை, புதிதாகக் கம்பி கட்டிக் கன்னத்தின் உட்புறம் உரசிப் புண்ணாகியிருந்த மகனை, வெதுவெதுப்பான உப்புநீரில் வாய் கொப்பளிக்கக்கூட விடவில்லை.

இந்த இரண்டு ‘கிளிப்’பும் எதிரெதிர் வேலை செய்பவை. கம்பியின் அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, இழுபடும் பக்கத்தில் புதிதாக வளர்கிறது. இப்படித்தான் பல் நகர்கிறது. பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டு இந்த வேலை நடக்கும். கம்பியைக் கழற்றும்போது எலும்பு முழுதாக இறுகியிருக்காது. ஈறு அதைவிடப் பிடிவாதம்: பல்லின் கழுத்தைச் சுற்றியுள்ள மீள்நார்கள் புது இடத்துக்குப் பழக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். அந்த இழுப்புக்கு விடாமல் பல்லை இருத்துவது பல்லிருத்தி. நகர்த்துவதற்குப் ‘பல்கம்பி’ என்றே இருக்கட்டும். மக்கள் வாயில் உள்ள சொல், அதில் நாம் கை வைக்க வேண்டாம்.

டெல்லி அம்மையார் சொன்ன ‘நிலைக்கம்பி’ காதுக்கு இனிமைதான். ஹாலி என்ற பல் மருத்துவர் 1919இல் விவரித்த வகைக்குப் பொருந்தவும் செய்யும், அதில் முன்பற்களுக்குக் குறுக்கே கம்பி ஓடுகிறது. இப்போது பலருக்கும் தருகிற கண்ணாடி போன்ற தகட்டில் கம்பியே இல்லையே! ‘பல்காப்பு’ என்பதைக் குத்துச்சண்டைக்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

என் சொல்லிலும் ஓர் ஓட்டை உண்டு. ‘இருத்தி’ என்று தனியே எழுதினால் ‘மடியில் இருத்தி’ என்பதுபோல் வினையெச்சமாகப் படிக்க இடமிருக்கிறது. ஆகவே எங்கும் ‘பல்லிருத்தி’ என்று சேர்த்தே எழுத வேண்டும். கழற்றி மாட்டுவது கழற்று பல்லிருத்தி. கீழ் முன்பற்களின் உட்புறம் ஒட்டிவிடுகிற மெல்லிய கம்பி ஒட்டு பல்லிருத்தி.

அலைனர்தான் இன்னும் உதைக்கிறது. பார்வைக்கு அந்தக் கண்ணாடித் தகடேதான், ஆனால் செய்வது பல்கம்பியின் வேலை. ‘பல்நகர்த்தி’ என்று வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் மாற்றிவிடுகிறேன்.