ஃப்ரீஸ்டைல்ல 25 மீட்டருக்குள்ள மூச்சு முட்டுது, கால் தொங்குது: என்ன பண்ணலாம்?

கேள்வி:
வணக்கம். வயசு 34, சொந்த ஊர் ஈரோடு பக்கம். முதுகுல சுரைக்குடுக்கை கட்டி அப்பா கிணத்துல இறக்கிவிட்டுக் கத்துக்கொடுத்த நீச்சல்தான். கிணத்துல ஒரு மணி நேரம்கூட சும்மா மிதப்பேன். இப்ப கோயம்புத்தூர்ல ஒரு 25 மீட்டர் குளத்துக்குப் போறேன். ஃப்ரீஸ்டைல் (குப்புறப் படுத்து, கையை மாத்தி மாத்தி வீசி நீந்துறது) அடிச்சா எதிர்ச் சுவரைத் தொடுறதுக்குள்ள மூச்சு முட்டுது. தினமும் 5 கிலோமீட்டர் ஓடுறவன், அதனால தெம்பு இல்லைன்னு தோணல. கால் கீழே தொங்குதுன்னு பக்கத்துல நீந்துறவர் சொன்னார். வேகமா உதைச்சுப் பார்த்தேன், இன்னும் சீக்கிரமா மூச்சு வாங்குது. ஒரு நீளத்துக்கு, அதாவது சுவர்ல இருந்து எதிர்ச் சுவர் வரைக்கும், 30 தடவை கை வீச வேண்டியிருக்கு.

பதில் 1 (பிள்ளைகளுக்குக் கோச்):
தம்பி, முகம் தண்ணிக்குள்ள இருக்கும்போது மூச்சை விடுறீங்களா, அடக்குறீங்களா?

கேட்டவர்:
அடக்கித்தான் வைக்கிறேன் அண்ணா. தலையைத் திருப்பும்போது விட்டு, உடனே இழுக்கிறேன்.

பதில் 1:
பாதிச் சிக்கல் அங்கதான். திரும்புற அரை நொடியில விடவும் இழுக்கவும் நேரம் பத்தாது. உள்ளே கரியமில வாயு தேங்குது. மூச்சு முட்டுற உணர்வு பெரும்பாலும் அதனாலதான் வரும். முகம் உள்ளே இருக்கிற நேரம் முழுக்க மூக்கு வழியா மெதுவா குமிழி விட்டுக்கிட்டே இருங்க.

மீதிப் பாதி தலை. கிணத்துல தலையைத் தூக்கி நீந்துறது தப்பே இல்ல. படி எங்கே, மேலே இருந்து யார் குதிக்கிறான்னு பார்க்கணுமே. வாட்டர் போலோ ஆடுறவங்களும் அப்படித்தான் நீந்துவாங்க. ஆனா நுரையீரல் காத்தடைச்ச பை, நெஞ்சுப் பக்கம் மிதக்கும், கால் கனம். தலை மேலே போனா இடுப்பு இறங்கும். அதுக்கு உதை மருந்தாகாது. தொடையில பெரிய தசை, ஆக்சிஜனை அதுவே தின்னுடும். பார்வை நேர் கீழே, குளத்தோட தரையில இருக்கட்டும்.

இரண்டு வாரம் தூரத்தை மறந்துட்டு இதை மட்டும் பண்ணுங்க. சுவரைத் தள்ளி, கையை நீட்டி, அசையாம வழுக்கிப் போறது பத்து தடவை. அப்புறம் பக்கவாட்டா சாய்ஞ்சு படுத்து உதை 4 × 25 (25 மீட்டர், நாலு தடவை): கீழ்க்கை முன்னால நீட்டி, மேல்கை தொடை மேல, காது தோள்பட்டையில சாய்ஞ்சிருக்கணும். பழகினதும் ஆறு உதைக்கு ஒரு கை மாத்துற டிரில் 6 × 25. உடம்பு உருளுறதும் மூச்சுக்குத் திரும்புறதும் ஒரே அசைவுன்னு இதுலதான் புரியும். கடைசியா முழு ஃப்ரீஸ்டைல் 8 × 25, நடுவுல 20 விநாடி ஓய்வு, ஒவ்வொன்னுக்கும் கையை எண்ணுங்க. முதல் நீளத்தைவிட மூணு கை கூடிடுச்சுன்னா அன்னிக்குப் போதும். களைச்ச பிறகு அடிக்கிறதெல்லாம் தப்பைத்தான் பழக்கும்.

பதில் 2:
தொடைக்கு நடுவுல புல் பாய் (காலை மிதக்க வைக்கிற நுரைக்கட்டை) வச்சு ஒரு நீளம் போய்ப் பாருங்க. மூச்சு சுலபமா வந்தா உங்க கால்தான் காரணம்னு உறுதியாயிடும். தினமும் வச்சுக்காதீங்க. நான் ஆறு மாசம் அதை விடாம, கால் பழகவே இல்ல. கேட்ச்-அப் டிரில் (ஒரு கை முன்னால நீட்டிக் காத்திருக்க, மறு கை வந்து அதைத் தொட்ட பிறகு மாத்துறது) நல்லதுன்னு சொல்வாங்க, உங்களுக்கு இப்ப வேண்டாம். முன்னால நீட்டின கை காத்திருக்கிற நேரத்துல கால் மறுபடி இறங்கலாம்.

கேட்டவர் (மூணு வாரம் கழிச்சு):
புல் பாய் வச்சதும் வித்தியாசம் உடனே தெரிஞ்சது. குமிழி விடப் பழக ஒரு வாரம் ஆச்சு, நேத்து நிக்காம 100 மீட்டர் போனேன்! 30 கை 23 ஆச்சு. வலப்பக்கம் மூச்சு எடுக்கும்போது மட்டும் கோணலாப் போய், பாதையைப் பிரிக்கிற கயித்துல இடிக்கிறேன்.

பதில் 1:
ரொம்ப சந்தோஷம் தம்பி. மூச்சு எடுக்கிற நேரத்துல இடது கை நெத்திக்கு முன்னால குறுக்கே போகுது, அதான். இடது தோளுக்கு நேரா ஒரு தண்டவாளம் இருக்கிற மாதிரி நினைச்சு, கையை அதுமேல வைங்க. முதல்ல ரொம்ப அகலமா வைக்கிற மாதிரி தோணும், அதுதான் சரியான இடம். 4 × 25 மெதுவா பண்ணிட்டு எழுதுங்க.