'ஆப்பரேட்டிங் செஷன்' தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

வகுப்பறை | திங்கள், இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம். ஜூன் விடுமுறை முகாமில் தொடக்கநிலை ஐந்து, ஆறு பிள்ளைகள் ஒரு தரைவீட்டுத் தோட்டத்தில் போட்டிருக்கும் மாதிரி ரயிலை ஓட்டப் போகிறார்கள். எட்டுப் பக்கக் கையேடு, வெள்ளி நண்பகல் அச்சுக்குப் போக வேண்டும். ஏழு பக்கம் ஆயிற்று. தலைப்பு மட்டும் நிற்கிறது. ஆப்பரேட்டிங் செஷனுக்கு (நிஜ ரயில்வே போலப் பலர் சேர்ந்து முறைப்படி மாதிரி ரயிலை ஓட்டுவது) இப்போதைக்கு 'இயக்க அமர்வு' என்று போட்டிருக்கிறேன். படிக்கும்போதே உறுத்துகிறது. வேறு சொல் உண்டா?

பீஷான் | திங்கள், இரவு 9:40

உறுத்தாமல் என்ன செய்யும், டீச்சர்? மூன்று மணி நேரம் யாருமே உட்கார மாட்டார்கள். ரயில் பின்னாலேயே நடக்கணும், குனிந்து கொக்கியைக் கழற்றணும், தடம் பிரியும் இடத்துக்கு ஓடிப்போய் பாயிண்டை மாற்றணும். அமர்வாம்! அமர்கிறவர், எந்த ரயில் எப்போது போகலாம் என்று சொல்லும் கன்ட்ரோலர் ஒருவர்தான். அவரும் தோட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

யாழ்தேவி | திங்கள், இரவு 10:05

அமர்வை விடுங்கோ, 'இயக்கம்' எண்டால் எங்கட ஆக்களுக்கு வேற நினைவுதான் வரும். இஞ்ச சிங்கப்பூரில வளர்தமிழ் இயக்கம் நினைவுக்கு வரும். இயக்க அமர்வு எண்டு நோட்டீஸ் ஒட்டினால் தாய்தகப்பன் ஏதோ செயற்குழுக் கூட்டம் எண்டு நினைச்சுப் பிள்ளையை அனுப்பாயினம்.

கைகாட்டி | செவ்வாய், காலை 6:30

சொல் தேடுவதற்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம். இந்த மடற்பட்டியலில் பாதிப் பேர் இதை வட்டப்பாதையில் ரயிலைச் சுற்றவிட்டு வேடிக்கை பார்ப்பது என்று நினைத்திருப்பீர்கள்.

தண்டவாள இடைவெளி 45 மி.மீ., அளவு 1:22.5. பெருக்கினால் நிஜப் பாதைக்கு 1012.5 மி.மீ., ஏறத்தாழ ஒரு மீட்டர். ஜெர்மனியில் 1968இல் எல்.ஜி.பி. என்ற மாதிரி ரயில் பிராண்ட் இந்த அளவைக் கொண்டுவந்தபோது மனத்தில் வைத்தது அந்த நாட்டு மீட்டர் பாதைகளைத்தான். நம் பழைய மலாயா ரயிலும் மீட்டர் பாதை. அதனால் தோட்டத்தில் தஞ்சோங் பகார், புக்கிட் தீமா, உட்லண்ட்ஸ் என்று மூன்று நிலையங்கள். செம்பருத்திப் புதருக்குப் பின்னால் நான்கு பாதை, அது ஜொகூர். பாதை முழுவதும் 110 மீட்டர், ஒற்றைப் பாதை. (நிஜப் பாதையின் 24 கி.மீ.யை அளவுப்படி போட்டால் ஒரு கிலோமீட்டர் தாண்டும். அவ்வளவு தோட்டம் இந்தத் தீவில் யாரிடம் இருக்கிறது!)

ஆட்கள் எட்டுப் பேர். கன்ட்ரோலர் ஒருவர், தஞ்சோங் பகார் யார்டுக்கு (பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் இடம்) ஒருவர், மூன்று ரயிலுக்கு ஓட்டுநரும் கார்டும் (ரயிலோடு போகும் பொறுப்பாளர்) ஆக ஆறு பேர். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை. அட்டையில் ஒரு பை, பைக்குள் ஒரு சீட்டு. சீட்டில் நான்கு முகவரி, 1 முதல் 4 வரை. ஒரு தடவை முடிந்ததும் சீட்டைத் திருப்பிச் செருகினால் அடுத்த தடவைக்கு அந்தப் பெட்டிக்கு வேறு வேலை. கார்டு தன் ரயிலின் அட்டைகளைக் கையில் கொண்டுபோவார். இறக்க வேண்டிய பெட்டியை இறக்கி அதன் அட்டையை நிலையப் பெட்டியில் போடுவார். அங்கே காத்திருக்கும் அட்டைகளில் தன் வழியில் போவதை எடுத்துக்கொள்வார். புறப்படுமுன் கையில் உள்ள அட்டையும் பின்னால் உள்ள பெட்டியும் எண்ணிக்கையில் ஒத்துப்போக வேண்டும். கெடுவது முக்கால்வாசி இங்கேதான். பெட்டியை இறக்கிவிட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோய்விடுவார்கள், அந்தப் பெட்டி அடுத்த தடவை அனாதை. இன்னொன்று, பெட்டிகளை நிறுத்தும் பக்கப் பாதையை, அதாவது சைடிங்கை, நிரப்பி வைப்பது. பாதி இடம் காலியாக இல்லையென்றால் பெட்டியை முன்பின் மாற்ற வழியே இராது. ரயில் நீளம், எதிரெதிர் ரயில்கள் விலகிக்கொள்ளும் கிராஸிங் பாதைகளில் இருப்பதிலேயே குட்டையானதற்குள் அடங்க வேண்டும். அது 4 மீட்டர் என்றால் 50 செ.மீ. எஞ்சினும் 45 செ.மீ. பெட்டி ஏழும் போக, மிச்சம் 35 செ.மீ. எட்டாவது பெட்டி மாட்டினீர்களா, எதிர் ரயிலும் நீங்களும் மாட்டிக்கொண்டீர்கள்.

ஆக, கூட்டாக, ஒழுங்கோடு, அவரவர் முறை வரும்போது ஓட்டுவது. இதைச் சொல்லும் சொல் வேண்டும்.

வேர்ச்சொல் | செவ்வாய், காலை 8:15

கைகாட்டி பொருளை நன்றாக விளக்கினார். சொல் நம்மிடம் ஈராயிரம் ஆண்டாக இருக்கிறது: செலவு. செல் என்னும் வினையடியாகப் பிறந்தது. சங்கப் பாடல்களில் செலவு என்றால் பயணம்தான், பணம் பின்னால் வந்தது. தலைவன் பிரிந்து செல்லாமல் தயங்கி நிற்பதைச் 'செலவழுங்கல்' என்றனர். எனவே 'கூட்டுச்செலவு'. மழை வந்து நிறுத்த நேர்ந்தால் அதற்கும் செலவழுங்கல் என்ற ஆயத்தச் சொல் கிடைக்கிறது.

பீஷான் | செவ்வாய், காலை 8:22

'ஜூன் 12, கூட்டுச்செலவு'. ஆளுக்கு எத்தனை வெள்ளி ஐயா?

வேர்ச்சொல் | செவ்வாய், காலை 8:50

நகைக்க வேண்டாம். பொருள் சுருங்கியது நம் குறை, சொல்லின் குறையன்று.

வகுப்பறை | செவ்வாய், பிற்பகல் 1:05

ஐயா, சொல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பதினோரு வயதுப் பிள்ளைக்குச் சங்க இலக்கியம் நடத்திவிட்டுத்தான் தலைப்பைப் படிக்கச் சொல்ல முடியும். 'ரயில் ஓட்டல்' என்று எளிமையாகப் போட்டால்?

கைகாட்டி | செவ்வாய், பிற்பகல் 1:30

இலக்கணப்படி சரிதான். ஓடு தன்வினை, ஓட்டு பிறவினை, ஓட்டுவதால் ஓட்டல். ஆனால் அதைப் படித்துவிட்டு இட்லி கிடைக்குமா என்று கேட்பார்கள்.

யாழ்தேவி | செவ்வாய், பிற்பகல் 2:10

'தொடரோட்டம்'? தொடர்வண்டியிண்ட ஓட்டம். ஒருத்தர் கையில இருந்து மற்றவர் கைக்கு மாறுறதும் அதுக்குள்ள வருது.

வகுப்பறை | செவ்வாய், பிற்பகல் 2:25

பள்ளி விளையாட்டு விழாவில் கோலைக் கைமாற்றி ஓடும் ஓட்டத்துக்கு அந்தப் பெயர் வைத்தாயிற்று. பிள்ளைகள் காலணியோடு வந்து நிற்பார்கள்.

கைகாட்டி | செவ்வாய், இரவு 8:00

கோலைக் கைமாற்றுவது இங்கேயும் உண்டு என்பதுதான் வேடிக்கை. ஒற்றைப் பாதையில் ஒரு பகுதிக்கு ஒரே டோக்கன். அது கையில் இருந்தால்தான் ரயில் நகரலாம். புக்கிட் தீமா நிலையத்தில் 2011 ஜூன் 30 வரை, பாதையை மூடிய நாள் வரை, ஓட்டுநர்கள் அப்படித்தான் சாவி டோக்கனை வளையத்தோடு கொடுத்து வாங்கினார்கள். தோட்டத்தில் பித்தளைச் சாவி இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு வளையத்தில். பகுதிக்கு ஒன்று, அவ்வளவுதான். 'தொலைந்தால் இருக்கட்டும்' என்று உபரியாக ஒன்று செய்து வைத்தால் அன்றைக்கே நேருக்கு நேர் மோதல். உபரிச் சாவி கூடவே கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

வேர்ச்சொல் | செவ்வாய், இரவு 8:40

டோக்கன் எதற்கு? அனுமன் கொண்டுபோன கணையாழி அதே வேலையைத்தானே செய்தது? காட்டினால் நம்பு, காட்டாவிட்டால் நம்பாதே. கணையாழி என்றே வைக்கலாம்.

சீட்டுக்கும் சொல் உண்டு. புகார் நகரில் வணிகர் இறக்கிய பொதிகளைச் சிலம்பு சொல்கிறது: 'வம்ப மாக்கள் தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப்பல் பொதி'. உடையவன் பெயர், அடையாள எழுத்து, எண். கைகாட்டியின் அட்டையில் உள்ள மூன்றும் இதில் உள்ளன. 'கண்ணெழுத்துச் சீட்டு' என்க. பட்டினப்பாலையில் சுங்கத்தார் புலி பொறித்துப் புறம்போக்கியதும் இதுவே. முத்திரை இல்லையேல் சரக்கு நகராது. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்கு அதைவிடப் பொருத்தம் ஏது?

வகுப்பறை | செவ்வாய், இரவு 9:15

கண்ணெழுத்து எனக்குப் பிடித்துவிட்டது. ஐந்தாம் பக்கத்தில் பெட்டிச்செய்தியாக வருகிறது, நன்றி ஐயா. கணையாழி வேண்டாம், டோக்கன் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல். தலைப்பு?

பீஷான் | புதன், காலை 7:45

நம் ஆள்கள் வாயில் இருக்கும் வினையை ஏன் யாரும் பார்க்கவில்லை? 'தீபாவளிக்கு ஸ்பெஷல் ரயில் விட்டிருக்காங்க.' பஸ் விடுகிறோம், கப்பல் விடுகிறோம், பட்டம் விடுகிறோம். 'ரயில் விடும் நாள்'. கதை முடிந்தது.

யாழ்தேவி | புதன், காலை 8:30

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வேகமாச் சொல்லிப் பாருங்கோ. ரயில் விடுறாங்கள், ரீல் விடுறாங்கள்.

(எங்கட பக்கம் புகையிரதம் எண்டுதான் சொல்லுவம். இது பற்றரியில ஓடுற வண்டி, புகையே இல்லை. அதனால நான் வாய் திறக்கேல்ல.)

கைகாட்டி | புதன், காலை 9:10

'விடும் நாள்' விளம்பரத்துக்குச் சரி. கலைச்சொல்லாக வேலை செய்யுமா? 'இரண்டாவது ரயில் விடும் நாளின் நடுவில்' என்று எழுதிப் பாருங்கள், நொண்டும். ஒரே நாளில் காலையும் மாலையும் இரண்டு தடவை நடந்தால் இன்னும் மோசம்.

என் முன்மொழிவு 'முறையோட்டம்'. குளத்துத் தண்ணீரை வயலுக்கு வயல் முறை வைத்துப் பாய்ச்சுவோம் அல்லவா, அந்த முறை. ஒழுங்கு என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. வெள்ளோட்டம், தேரோட்டம் என்று ஓட்டத்தில் முடியும் சொற்கள் பழகியவை. முறை + ஓட்டம், இடையில் யகர உடம்படுமெய். 'இ ஈ ஐ வழி யவ்வும்', நன்னூலும் கைகொடுக்கிறது.

வேர்ச்சொல் | புதன், காலை 9:55

புணர்ச்சி சரி, பொருள் தவறு. முறை என்றால் நீதி. 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்றார் வள்ளுவர். முறையோட்டம் என்றால் நீதி ஓடிப்போயிற்று என்றும் பொருள்படும்.

பீஷான் | புதன், காலை 10:02

அத்தை மகன் முறை, மாமன் மகள் முறை. முறைப்பெண்ணோடு ஓட்டம் என்று நானும் படிப்பேன்.

வகுப்பறை | புதன், காலை 10:30

பதினோரு வயசுப் பிள்ளைகளுக்கான கையேடு இது. தயவுசெய்து!

சொல் வரும்போது வரட்டும். கைகாட்டி அண்ணன், 'வேகக் கடிகாரம்' பத்தியைக் கொஞ்சம் பார்த்துத் தருகிறீர்களா? நான்குக்கு ஒன்று என்று மூலத்தில் இருக்கிறது, எனக்கு விளங்கவில்லை.

கைகாட்டி | புதன், இரவு 9:20

நிஜத்தில் ஒரு நிமிடம் போனால் அந்தக் கடிகாரத்தில் நான்கு நிமிடம் போகும். நிலையங்கள் கிட்டக்கிட்ட இருப்பதை மறைக்கும் உபாயம். மணிக்கு 30 கி.மீ. வேகம் இந்த அளவில் நொடிக்கு 37 செ.மீ. 15 மீட்டரைக் கடக்க 40 நொடி ஆகிறது, கடிகாரத்தில் 2 நிமிடம் 40 நொடி. இதுவரை சரி. ஆனால் ஷண்டிங், அதாவது பெட்டிகளை மாட்டிக் கழற்றும் வேலை, சுருங்காது. தரையில் குனிந்து ஒரு பெட்டியைக் கழற்றி வைக்க 3 நிமிடம் என்றால் ஐந்து பெட்டிக்கு 15 நிமிடம், கடிகாரத்தில் ஒரு மணி நேரம்! கால அட்டவணை முதல் நிலையத்திலேயே கிழிந்துவிடும். மேசை உயர ரயிலுக்கு எழுதிய விகிதத்தைத் தரையில் கிடக்கும் தோட்ட ரயிலுக்கு அப்படியே கொண்டுவந்ததால் வந்த வினை. பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு ஒன்று. வேகக் கடிகாரப் பத்தியையே எடுத்துவிடுங்கள், வரிசை எண் முறையில் ஓட்டட்டும்: மூன்றாம் எண் வந்தால்தான் நான்காம் எண் போகும்.

அப்படியே மூன்றாம் பக்கத்தில் தண்டவாள இணைப்பையும் பாருங்கள். பித்தளை, 1.2 மீட்டர் துண்டு. விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் தண்டவாளத்தில் 30 டிகிரி வித்தியாசம் வந்தால் ஒரு துண்டு 0.7 மி.மீ. நீளும். 110 மீட்டருக்கு 6 செ.மீ.க்கு மேல். காலையில் போடும்போது இணைப்புக்கு 1 மி.மீ. இடைவெளி விடாமல் இறுக்கினால் மதியம் வளைவில் பாதை பிதுங்கி வெளியே வரும். அடியில் உருண்டைக் கூழாங்கல் போடக் கூடாது, அது நழுவும். உடைத்த கல்லின் தூள் கலந்த சல்லிதான் பிடித்து நிற்கும். அந்தத் தூள் பாயிண்டின் நாக்கில் ஒரு துகள் சிக்கினாலும் பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும், தொடங்குமுன் தூரிகையால் தட்டிவிட வேண்டும். மழைக்கு அட்டைகளை லேமினேட் செய்யுங்கள். இடிச் சத்தம் கேட்டால் ரயிலை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு எல்லாரும் உள்ளே.

வேர்ச்சொல் | புதன், இரவு 9:31

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பெயர்தான் செலவழுங்கல்.

வகுப்பறை | வியாழன், இரவு 8:00

நாளை நண்பகல் கெடு. கை தூக்கிவிடுங்கள்: முறையோட்டம், ரயில் விடும் நாள், கூட்டுச்செலவு.

பீஷான் | வியாழன், இரவு 8:04

ரயில் விடும் நாள்.

யாழ்தேவி | வியாழன், இரவு 8:20

முறையோட்டம். வேற வழியில்லாமல்.

கைகாட்டி | வியாழன், இரவு 8:21

முறையோட்டம்.

வேர்ச்சொல் | வியாழன், இரவு 9:00

கூட்டுச்செலவு. பெரும்பான்மை சொல்லை ஆக்காது. என் மறுப்பைப் பதிவு செய்க.

வகுப்பறை | வெள்ளி, காலை 11:40

அட்டையில் 'ரயில் விடும் நாள்', உள்ளே எல்லா இடத்திலும் 'முறையோட்டம்'. கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. ஐயாவின் மறுப்பு இந்தப் பட்டியலில் இருக்கும்.

கைகாட்டி | வெள்ளி, காலை 11:52

டீச்சர், கோப்பைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் தண்டவாள இணைப்புக்கான இடைவெளி 1 செ.மீ. என்று இருக்கிறது. மி.மீ.! அச்சகத்தைக் கூப்பிடுங்கள், சக்கரமே உள்ளே விழுந்துவிடும்.

பீஷான் | வெள்ளி, காலை 11:53

விழுவதற்குத் தமிழில் என்ன? யாரும் பதில் போட வேண்டாம்.

வேர்ச்சொல் | வெள்ளி, காலை 11:58

தடம்புரளல் என்பர். புரள் என்னும் வேரை நோக்கினால்...