உதவி: மண்ணரிப்புக் கணக்கில் ‘எல்.எஸ்.’ என்றால் என்ன? விடை எங்கேயோ போகிறது

பிறைக்காரன்:
வணக்கம். பினாங்கில் பாயா தெருபோங் பக்கம் மலையடிவார சைட் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கன்சல்டன்ட் கொடுத்த ஈ.எஸ்.சி.பி. (மண்ணரிப்பு, வண்டல் கட்டுப்பாட்டுத் திட்டம்) அறிக்கையில் ஏ = ஆர் × கே × எல்.எஸ். × சி × பி என்று இருக்கிறது. ஏ மண் இழப்பு, ஆர் மழை, கே மண். அது வரை சரி. எல் நீளம், எஸ் சரிவு என்று எடுத்து 40 × 20 = 800 போட்டால் ஒரே வருஷத்தில் மலையே கடலுக்குப் போய்விடும் போலிருக்கிறது. சி, பி என்னவென்றும் சொல்லுங்கள்.

தண்ணீர்மலை:
தம்பி, அது யூ.எஸ்.எல்.இ., அதாவது யுனிவர்சல் சாயில் லாஸ் ஈக்குவேஷன், மண் இழப்பைக் கணக்கிடும் சூத்திரம். அமெரிக்க விளைநிலங்களுக்காக விஷ்மையரும் ஸ்மித்தும் உருவாக்கியது. ஜே.பி.எஸ்.சின் (மலேசிய வடிகால், நீர்ப்பாசனத் துறை) மஸ்மா என்ற மழைநீர் மேலாண்மைக் கையேட்டிலும் இருக்கிறது. எல்.எஸ். ஒரே எண்தான், அளவே இல்லாத விகிதம். 22.13 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சரிவும் உள்ள நிலத்துக்கு அது 1. உங்கள் சரிவில் அதைப்போல எத்தனை மடங்கு மண் போகும் என்பதுதான் கேள்வி. 5 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவுக்குப் பழைய சூத்திரம்: (நீளம் ÷ 22.13)-இன் வர்க்கமூலம் × (0.065 + 0.046ச + 0.0065ச²). ‘ச’ என்பது சரிவு, சதவீதத்தில். 40 மீட்டர், 20 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 4.8.

சி என்பது நிலப்போர்வை, வெட்டிப்போட்ட வெறும் மண்ணுக்கு 1. பி என்பது படிவெட்டு மாதிரியான தடுப்பு வேலை, ஒன்றும் செய்யாவிட்டால் அதுவும் 1. புல் பிடித்தால் சி மளமளவென்று இறங்கும்.

பிறைக்காரன்:
நன்றி அண்ணே. ஆனால் அறிக்கையில் எல்.எஸ். 13.9. கன்சல்டன்ட் தப்பா?

பட்டர்வொர்த் வாசி:
இருங்கள், அவசரப்படாதீர்கள். அந்த 20 சதவீதமா, பாகையா? பினாங்கில் மலைநிலம் என்றாலே 76 மீட்டர் உயரம், 25 பாகைச் சரிவு என்றுதான் பேச்சு. சர்வேக்காரர்களும் பெரும்பாலும் பாகையில்தான் எழுதுவார்கள். 20 பாகை என்றால் சுமார் 36.4 சதவீதம். அதைப் போட்டால் 13.9 வரும்.

பிறைக்காரன்:
ஆமாம், படத்தில் பாகைக் குறிதான்! இதே விடையை வைத்து வண்டல் குளத்தின் (ஓடும் நீரிலுள்ள மண்ணைத் தங்கவைக்கும் குளம்) அளவைப் பார்க்கலாமா?

தண்ணீர்மலை:
வேண்டாம். இது வருஷத்துக்கு எக்டருக்கு இத்தனை டன் என்ற சராசரி. ஒரு மழைக்கு எவ்வளவு வண்டல் வரும் என்று பார்க்க எம்.யூ.எஸ்.எல்.இ. என்று இதே சூத்திரத்தின் மாற்றிய வடிவம் இருக்கிறது, ஆர் இருந்த இடத்தில் அந்த மழையில் ஓடும் நீரின் கொள்ளளவும் உச்ச ஓட்டமும் வரும். அறிக்கையின் பின்பக்கங்களில் தேடுங்கள்.

பட்டர்வொர்த் வாசி:
இன்னொன்று. அந்தச் சரிவுச் சூத்திரம் 3 முதல் 18 சதவீதம் வரையுள்ள வயல்களில் எடுத்த அளவுகளிலிருந்து வந்தது. 36-க்குப் போடும்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். நிலச்சரிவு இந்தக் கணக்கிலேயே கிடையாது, அதற்கு ஜியோடெக்னிக்கல் (மண், பாறைப் பொறியியல்) ஆளைக் கேளுங்கள்.