பிரேக் ஷூவுக்குத் 'தடைப்பிறை': ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பிரேக் ஷூவைத் 'தடுப்புக் காலணி' என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. பழைய எஸ்யூவியின் பின்சக்கர டிரம் பிரேக்கைப் பிரித்து ஷூ மாற்றும் முறையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி எழுதியபோதே ஒன்று தெளிவாகிவிட்டது: பெயர் குழப்பினால், படிப்பவர் பாகத்தை இடம் மாற்றி மாட்டிவிடுவார். பிரேக்கில் அப்படி நடக்கவே கூடாது.

சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற டிரம்மைக் கழற்றியதும் கண்ணில் படுவது இரண்டு இரும்புப் பிறைகள்தான். ஒன்றையொன்று பார்த்தபடி, முதுகில் லைனிங் என்ற உராய்வுப் பட்டை ஒட்டியிருக்க, சுருள்வில்கள் உள்நோக்கி இழுத்துப் பிடிக்க நிற்கின்றன. மிதியை அழுத்தினால் வீல் சிலிண்டர் இரண்டையும் விரிக்கும்; முதுகு டிரம்மின் உட்சுவரில் உரசும். இதில் காலணி எங்கே இருக்கிறது? பிறையைப் பார்த்தவுடன் தெரிகிறது. அதனால் 'தடைப்பிறை'. டிஸ்க் பிரேக் பேடைத் 'தடைவில்லை' என்றால் தட்டையானது வில்லை, வளைந்தது பிறை என்று இரண்டும் பிரிந்து நிற்கும். 'தடைக்கட்டை' நல்ல சொல்தான். ஆனால் ரயில் சக்கரத்தை வெளியிலிருந்து அழுத்தும் கட்டைக்கு அது இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது, அங்கேயே இருக்கட்டும். டிரம்முக்கு 'முரசு' எனக்கு ஒட்டவில்லை. இப்போதைக்கு டிரம் டிரம்மாகவே இருக்கலாம்.

உண்மையான சிக்கல் அடுத்ததில்தான். இரண்டு பிறைகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒன்றை டிரம்மின் சுழற்சியே தன்னோடு இழுத்து, மேலும் இறுக்கமாகப் பதியவைக்கும். மற்றொன்றை அதே சுழற்சி உள்ளே தள்ளிவிடப் பார்க்கும். உருளும் தேர்ச் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை வைத்தால், சக்கரம் உருள உருளக் கட்டை இறுகுகிறது அல்லவா, முதல் பிறையில் நடப்பதும் அதுதான். இந்த நிகழ்வைத் 'தன்னிறுக்கம்' என்று எழுதியிருக்கிறேன்.

சுழற்சி இழுக்கும் பிறை, தள்ளும் பிறை என்று பிரித்துச் சொல்ல என் மனம் முதலில் ஓடியது வளர்பிறை, தேய்பிறை என்ற சொற்களுக்கு. விசை வளர்வது ஒன்று, குறைவது மற்றொன்று; எவ்வளவு அழகு! ஆனால் டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் கதை தலைகீழ். அதிக விசையைத் தாங்கும் பிறைதான் சீக்கிரம் தேய்கிறது. 'வளர்பிறை' தேய்ந்து, 'தேய்பிறை' கெட்டியாக இருக்கும். நான் பிரித்த சக்கரத்தில் ஒன்றில் லைனிங் நகக்கண் அளவுக்கு மெலிந்திருந்தது, மற்றதில் பாதிக்கு மேல் மிச்சம். புதிதாகப் படிப்பவர் 'தேய்பிறை'யை மட்டும் பார்த்துவிட்டு, இன்னும் நாள் தாங்கும் என்று டிரம்மை மூடிவிடுவார். பல கையேடுகள் 1 மி.மீ. லைனிங்கைக் கடைசி எல்லையாகச் சொல்லும்போது அந்தத் தவறுக்கு இடம் கொடுக்க முடியாது. மனசில்லாமல்தான் அந்தச் சொற்களை விட்டேன்.

முன்பிறை, பின்பிறை என்பதும் சரிவராது. முன்சக்கரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதோடு, வண்டி பின்னோக்கி நகரும்போது இழுபடுவதும் தள்ளப்படுவதும் இடம் மாறும். ஆகவே செயலையே பெயராக்கி 'இழுபிறை', 'தள்ளுபிறை' என்று வினைத்தொகையாக வைத்தேன். முன்னோக்கி ஓடும்போது எது எதுவோ, அதற்கு அந்தப் பெயர்.

அப்புறம் டுவோ சர்வோ என்ற டிரம் பிரேக் வகை. அதில் பிறைகளின் கீழ்முனை நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்காது. ஒரு பிறை மற்றதைத் தள்ளும், இரண்டுமே தன்னிறுக்கம் பெறும். இழுபிறை, தள்ளுபிறை இங்கே செல்லாது. பொதுவாக ஒன்றில் லைனிங் குட்டையாகவும் மற்றதில் நீளமாகவும் இருப்பதால் 'குறும்பிறை', 'நெடும்பிறை' எனலாம். நெடும்பிறை வண்டியின் பின்பக்கம் வரவேண்டும். அதை முன்னால் மாட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. குறில், நெடில் போல மனதில் நிற்கும் என்பது என் நம்பிக்கை.

இரண்டு பிறைகளுக்கும் இடையே இருந்து இடைவெளியைச் சரிசெய்யும் பல்சக்கரத் திருகு, அதாவது அட்ஜஸ்டர், 'இடைத்திருகு'. பொதுவாக இடப்பக்கத் திருகின் மரையும் வலப்பக்கத் திருகின் மரையும் எதிரெதிர்த் திசையில் ஓடும். மாற்றிப் போட்டால், தானாகச் சரிசெய்யும் அமைப்பு இடைவெளியைக் குறைப்பதற்குப் பதில் கூட்டும். மிதி ஆழமாக இறங்கும். அதனால் கையேட்டில் எப்போதும் 'இட இடைத்திருகு', 'வல இடைத்திருகு' என்றே எழுதப்போகிறேன், ஒரு தடவைகூடச் சுருக்காமல். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரிக்கச் சொல்வதும் இதனால்தான். பிரிக்காத பக்கம் மாதிரியாக நிற்கும்.

பிறையை உள்ளே இழுக்கும் சுருள்வில்லை 'மீள்வில்' என்று எழுதியிருக்கிறேன். பிறையை, அதன் பின்னால் அசையாமல் நிற்கும் பின்தட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்ன வில்லுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'பிடிவில்' என்று போட்டுப் பார்த்தேன். மீள்வில்லும் பிடிப்பதுதானே என்று தோன்றி அடித்துவிட்டேன். கையில் ஸ்பேனர் பிடிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்: வேலை நேரத்தில் அதை என்னவென்று கேட்டு வாங்குகிறீர்கள்?