மறு: ‘நெட்வொர்க் டெலிமெட்ரி’க்குத் தமிழ்ச் சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

சோதனைப் பறப்பில் விமானத்தின் அளவுகளைக் கணினிப் பிணைப்பு வழியே தரைக்கு அனுப்பும் ‘நெட்வொர்க் டெலிமெட்ரி’க்கு முன்மொழியப்பட்ட ‘வலைத் தொலையளவியல்’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ‘இயல்’ துறையைக் குறிக்கும். நாம் பெயர் தேடுவதோ பறக்கும் விமானத்துக்கும் தரைநிலையத்துக்கும் இடையே இயங்கும் ஓர் அமைப்புக்கு. ‘டெலிமெட்ரி’க்குத் ‘தொலையளவு’ என்பதே போதும்.

அளவுகளை எண்களாக்கி வரிசையாக அனுப்பும் பழைய பி.சி.எம். முறையில் உணரிகள் தரும் அளவுகள் ஒரு நிலையான சட்டகத்தில் (ஃப்ரேம்), தமக்கு ஒதுக்கிய இடத்தில் அமர்ந்து, இடைவிடாமல் தரைக்கு வந்துகொண்டிருக்கும். எது எங்கே அமரும் என்பதைப் பறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். விமானம் சாய்ந்து திரும்பும்போது உடற்பகுதி ஆண்டெனாவை மறைத்தால் அந்த நொடிகளின் தரவு தரைக்கு வராது. திரும்பக் கேட்கவும் வழியில்லை. தரையிறங்கிய பின் பதிவுக் கருவியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். வேகம் கூடும்போது இறக்கை அடங்காமல் அதிரத் தொடங்குகிறதா என்று பார்க்கும் ஃப்ளட்டர் சோதனையை எண்ணிப் பாருங்கள். வேகத்தைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் இறக்கையின் அதிர்வு அடங்குகிறதா என்று பார்த்த பிறகே தரையிலுள்ள பொறியாளர் அடுத்த படிக்கு அனுமதி தருவார். தரவு அறுந்தால் அதே படியை மீண்டும் பறக்க வேண்டியதுதான்.

புதிய முறையில் விமானத்துக்குள் இருக்கும் கருவிகள், கணினிகளை இணைக்கும் ஈதர்நெட்டில் இணைந்திருக்கும். வானொலித் தொடர்பும் இருவழியாக இருக்கும். விடுபட்ட பகுதியைப் பறக்கும்போதே பதிவுக் கருவியிடம் கேட்டு வாங்கலாம். வேண்டிய அளவுகளின் பட்டியலை நடுவானில் மாற்றலாம். பல விமானங்கள் ஒரே அலைவரிசையை முறைவைத்துப் பகிரலாம். இதற்கென அமெரிக்காவின் ஐநெட் (iNET) திட்டத்தில் வளர்ந்த தரநிலை, தொலையளவுக்கான பொதுத் தரநிலையான ஐரிக் 106இன் (IRIG 106) 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் 21 முதல் 28 வரையிலான அத்தியாயங்களாகச் சேர்ந்தது.

‘இருவழித் தொலையளவு’ என்றால் செயற்கைக்கோளுக்குக் கட்டளை அனுப்புவதோடு குழம்பும். ‘இணையத் தொலையளவு’ இன்டர்நெட்டை நினைவூட்டும். ஆகவே நெட்வொர்க்கைப் ‘பிணையம்’ என்று கொண்டு ‘பிணையத் தொலையளவு’ என்கிறேன். பழைய முறைக்கும் ஒரு பெயர் கட்டாயம் தேவை. பறப்பின் பாதுகாப்புக்கு இன்றியமையாத அளவுகள் இன்னமும் தாமதமில்லாத அந்த வழியிலேயே வருகின்றன. அதற்குத் ‘தாரை’ வேண்டாம், விமானத் துறையில் அது ஜெட்டைக் குறிக்கும். அளவுகள் இடைவிடாமல் ஓடிவருவதால் ‘ஓடைத் தொலையளவு’ பொருந்தும்.

– சூலூர்பேட்டையிலிருந்து

ஐயா, வணக்கம்.

‘ஓடை’ மிகவும் பிடித்திருக்கிறது. ‘பிணையம்’தான் இடறுகிறது. கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழி படிக்கும் என் மாணவர்களுக்கு அது நீதிமன்றச் சொல். பத்திரிகையில் ‘பிணையில் விடுதலை’ என்றே படிக்கிறார்கள். பாடநூலில் பழகிய ‘வலையமைப்பு’ ஆகாதா?

– கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அம்மா,

தனிச்சொல்லாக நிற்கும்போது ‘வலையமைப்பு’ நன்று. ‘வலையமைப்புத் தொலையளவுப் பதிவுக் கருவி’ என்று நீளும்போது வரைபடத்தில் எழுதவே இடம் இருக்காது. மாணவர்களுக்கான அறிமுகக் கட்டுரையில் முதல் இடத்தில் ‘வலையமைப்பு’ என்று விளக்கிவிட்டு, கூட்டுச்சொற்களில் ‘பிணைய’ என்று எழுதலாம். ‘பிணையத் தரவு’, ‘பிணையப் பதிவி’ என்று சுருக்கமாக வரும். ‘ஃப்ரேம்’ என்பதற்கு நான் எழுதியுள்ள ‘சட்டகம்’ மாணவர்களுக்குப் புரிகிறதா என்று வகுப்பில் கேட்டுச் சொல்லுங்கள்.